சங்ஷாக் மேட்டில் ஐந்து நாள்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரில், 1944இல், பர்மாவிலிருந்து ஜப்பானியர்கள் இந்தியாவுக்குள் நுழைந்தபோது நடந்த கோஹிமா சண்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இம்பாலும் தெரிந்திருக்கும். அந்த இரண்டுக்கும் முன்னால் நடந்த ஒரு சண்டையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன், ஏனென்றால் அது மட்டும் நடக்காமல் போயிருந்தால் கோஹிமாவின் கதையே வேறு மாதிரி ஆகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். மணிப்பூரில் உக்ருல் பக்கம் சங்ஷாக் என்று ஒரு மலைக் கிராமம், தங்குல் நாகர்களின் ஊர்.

அங்கே நின்று சண்டை போட்டது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 50வது இந்தியப் பாராசூட் பிரிகேட். 1941 அக்டோபரில் டெல்லியில் ஆரம்பித்த படை: ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன் (சில நூறு வீரர்கள் கொண்ட பிரிவு), 152வது என்ற ஒரு இந்தியப் பட்டாலியன், ஒரு கோர்க்கா பட்டாலியன். இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இன்னொருவர் லெப்டினன்ட் ஏ. ஜி. ரங்கராஜ், 152வது பட்டாலியனின் டாக்டர் அவர், பெயரின் முன்னால் நிற்கும் அந்த ‘ஏ’ ஆற்காடு. பிற்பாடு 1951இல் கொரியாவிலும் அமெரிக்கப் பாராசூட் வீரர்களோடு சேர்ந்து குதித்தார். அவரைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம். சரி, சங்ஷாக்குக்கு வருவோம்.

1944 மார்ச்சில் இந்தப் பிரிகேட் மணிப்பூர் மலைகளில் காட்டுச் சண்டைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. ஜப்பானியர்கள் அந்த வழியாக இவ்வளவு பெரிய படையோடு வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. 19ஆம் தேதி 152வது பட்டாலியனின் ஒரு கம்பெனி, சுமார் 170 பேர், 7378 என்ற எண் கொண்ட குன்றில் இருந்தபோது எதிரி மோதினான். மறுநாளுக்குள் குன்று கைவிட்டுப் போயிற்று, தப்பி வந்தவர்கள் இருபது பேர் அளவில்தான்.

மிச்சம் இருந்தவர்களைப் பிரிகேட்டின் தளபதி பிரிகேடியர் ஹோப்-தாம்சன் சங்ஷாக் மேட்டில் ஒன்று சேர்த்தார். மராத்தா பட்டாலியன் ஒன்றும் மலைப் பீரங்கிகளும் சேர்ந்துகொண்டன, மொத்தம் ஏறத்தாழ 2000 பேர். அந்த மேடு ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இல்லை. மூன்றடி தோண்டினால் பாறை, அதனால் பதுங்குகுழி முழங்கால் ஆழத்தையோ இடுப்பளவையோ தாண்டவில்லை. முள்கம்பி ஒரு சுருள்கூடக் கிடையாது. தண்ணீர் மேட்டுக்கு வெளியே இருந்தது. செத்த கோவேறு கழுதைகளையும் மனிதர்களையும் புதைக்க மண் இல்லாமல், அந்த நாற்றத்துக்கு நடுவிலேயே டாக்டர்கள் அறுவை சிகிச்சை செய்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. சாமான்கள் வானத்திலிருந்துதான் வரவேண்டும், ஆனால் இடம் சின்னது என்பதால் விமானங்கள் போட்ட பாராசூட்டுகளில் பெரும்பகுதி எதிரியின் பக்கம் போய் இறங்கின. பாராசூட்டில் குதிப்பதையே தொழிலாகக் கற்றவர்கள், நாக்கு வறண்டு குழிக்குள் கிடந்துகொண்டு, தங்கள் தண்ணீரும் குண்டுகளும் அந்தப் பக்கம் மிதந்து போவதை அண்ணாந்து பார்த்தார்கள். படிக்கும்போது என்னால் அந்த இடத்தைத் தாண்டிப் போகவே முடியவில்லை.

22 முதல் 26 வரை இப்படி. மேட்டின் ஓரத்தில் இருந்த தேவாலயக் குன்று பல தடவை கை மாறியது. இதற்கிடையில் இறந்து கிடந்த ஒரு ஜப்பானிய அதிகாரியிடம் வரைபடமும் உத்தரவுகளும் கிடைத்தன: பல ஆயிரம் பேர் கொண்ட ஒரு முழு டிவிஷன் கோஹிமாவுக்குப் போகிறது என்ற தகவல். அதை இரவோடு இரவாக முற்றுகைக்கு ஊடே இம்பாலுக்குக் கொண்டுபோனார்கள். 26ஆம் தேதி மாலை வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. நடக்க முடிந்தவர்கள் இருட்டில் காட்டுக்குள் இறங்கினார்கள், தூக்க முடிந்தவர்களைத் தூக்கிக்கொண்டு. தூக்க முடியாத காயக்காரர்கள் சுமார் நூறு பேர் அங்கேயே விடப்பட்டார்கள்.

பிரிகேட்டின் இழப்பு சுமார் 600 பேர். ஜப்பானிய 58வது ரெஜிமென்ட்டும் அதே அளவுக்கு அடிவாங்கி, நாட்களையும் இழந்தது. அந்த நாட்களின் விலை கோஹிமாவில் தெரிந்தது: ஏப்ரல் 4ஆம் தேதி அங்கே தாக்குதல் தொடங்கியது, மறுநாள்தான் காவலுக்கு ஒரு முழு பட்டாலியன் வந்து சேர்ந்தது. ஜப்பானியர்கள் சில நாள் முன்னதாக வந்திருந்தால் அந்தக் காவல் அங்கே இருந்திருக்காது.

அப்படியிருந்தும் சில மாதங்கள் வரை இந்தப் படையைப் பற்றித் தப்பாகத்தான் பேசினார்கள், தோற்று ஓடி வந்தவர்கள் என்று. ஆகஸ்ட் 31 அன்று, அந்த முனையில் இருந்த 14வது ராணுவத்தின் தளபதி ஜெனரல் ஸ்லிம், முதல் அடியைத் தாங்கி இம்பாலுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான் என்று தனி உத்தரவே போட்டார். அதைக் கேட்க, 7378 குன்றில் நின்ற அந்த 170 பேரில் பெரும்பாலோர் இல்லை.