காளாஞ்சி ரோட்டில் 40 நிமிடம்

வணக்கம் மக்களே! தண்டையார்பேட்டை மொட்டை மாடிதான், பழைய இடம். நேற்று காளாஞ்சி என்ற கடலோர ஊருக்குப் போய் வந்தேன், இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

மீஞ்சூர் வழியாகக் காட்டுப்பள்ளி போய், அங்கிருந்து வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் போகும் கடலோர ரோட்டைப் பிடிக்க வேண்டும். வலது கைப் பக்கம் கடல், இடது பக்கம் உப்பங்கழி. நடுவில் ஒரு மணல் திட்டு. ரோடும் ஊரும் அதற்கு மேல்தான். அந்த ரோட்டைத்தான் மணல் மூடிக் கிடந்தது! பைக்கின் பின்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. 40 நிமிடம் மக்களே. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அண்ணன் வந்து, "டயர்ல காத்த பாதி இறக்குப்பா" என்றார். பனைமட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, "இப்போ மெதுவா கிளப்பு" என்றார். ஒரே உறுமல், வெளியே வந்துவிட்டது! கத்தியேவிட்டேன்.

சொல்ல மறந்துவிட்டேன், நேற்று அமாவாசை. அமாவாசை, பௌர்ணமியில் கடல் வழக்கத்தைவிட மேலேறும். நாள் பார்த்துப் போங்கள்.

ஆனால் கரை ஏன் இவ்வளவு ஒடுங்கிப்போனது? நம் கடற்கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே துறைமுகச் சுவர் வந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்து மெரினா அகலமானது, காசிமேடும் திருவொற்றியூரும் கரையை இழந்து கல் கொட்ட வேண்டியதானது. என் திருவொற்றியூர் வீடியோவில் அந்தக் கல்லைத்தான் காட்டினேன். காளாஞ்சிக்குத் தெற்கேயும் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள். அதே கதை அங்கே நடப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

தண்ணீர் விஷயமும் உண்டு. இந்த மாதிரி மணல் திட்டில் மழைநீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கும். கையளவு தோண்டினால் இனிப்பு, ஆழம் போனால் உப்பு. மீஞ்சூர் பக்கம் நம் சென்னைக்காக ஆழ்துளைக் கிணறுகளில் இறைத்து இறைத்துத்தான் கடல்நீர் நிலத்துக்கு அடியில் புகுந்தது. நாம் குடித்த தண்ணீர் அது.

அப்புறம், டயருக்குக் காற்றடிக்க 20 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு டயருக்கு 20! நம் தெருவில் 10 தான். போகட்டும். காளாஞ்சி அண்ணே, பார்க்கிறீர்களா? இரண்டு பனைமட்டை வண்டியில் கட்டிவிட்டேன். பௌர்ணமி கழித்து வருகிறேன்.