நங்கூரமும் கலயமும்

(பனைத் தொழிலாளர், விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வரவேற்புரையிலேயே பனையைப் பற்றி எனக்குத் தெரியாத பல செய்திகளைச் சொன்ன தமிழாசிரியர் ஐயா அவர்களே, பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தை நெடுங்காலம் கட்டிக் காத்த பெரியவர் அவர்களே, பனையேறிகளுக்கு வழக்கு என்று வந்தால் காசு வாங்காமல் வாதாடும் வழக்கறிஞர் தம்பி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அருவாள்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் பனையேறிச் சொந்தங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அம்மாவுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கள் என்ற சொல்லைக் கேட்டதுமே இடம் தர மறுத்தவர்கள் இருக்கும்போது, இந்தச் சமுதாயக்கூடத்தைத் திறந்துவிட்டு, மைக்குக்கும் ஏற்பாடு செய்து, தானே வந்து நாற்காலி போட்டார். கூட்டுறவுச் சங்கப் பெரியவர் உடம்பு சரியில்லாத நிலையிலும் வந்திருக்கிறார். ஐயா, நீங்கள் மேடையில் இருப்பதே எங்களுக்குப் பலம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஆங்கர் பீர் ஆலை. ஆங்கர் என்றால் நங்கூரம். பனைத் தொழிலாளர் கூட்டத்தில் பீர் கதை எதற்கு, குடியை வளர்க்கவா என்று வெளியே சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும். நான்கு செய்திகளைச் சொல்லப் போகிறேன்: ஆலையின் வரலாறு, அங்கே காய்ச்சிய பீர் வகைகள், வீட்டில் பீர் காய்ச்ச அந்த நாடு அனுமதித்த சட்டம், நம் ஊர்க் கள்ளின் நிலை.

கலிபோர்னியாவில் 1848-ல் தங்கம் கிடைத்தது. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவர்களுக்குப் பீர் வேண்டும். அவர்கள் ஊர் லாகர் வகைப் பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் குளிரில்தான் வேலை செய்யும். கலிபோர்னியாவிலோ அப்போது பனிக்கட்டிக்கு வழியில்லை, குளிர்சாதனமும் வரவில்லை. என்ன செய்தார்கள்? மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுத்து, கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் காய்ச்சி, அகலமான ஆழமில்லாத தொட்டிகளில் ஊற்றிவிட்டார்கள். பசிபிக் கடற்காற்றில் சாறு சீக்கிரம் ஆறியது. குளிருக்கான அந்த ஈஸ்டையே இளஞ்சூட்டில் புளிக்க விட்டார்கள். பிறகு, புளித்துக்கொண்டிருக்கும் புதுச் சாற்றில் கொஞ்சம் எடுத்துப் பீப்பாயில் சேர்த்து அடைத்தார்கள். உள்ளே காற்று ஏறி ஏறி அழுத்தம் கூடும். கடையில் பீப்பாயைத் திறக்கும்போது உஸ்ஸென்று சீறும். அதுதான் ஸ்டீம் பீர். கையில் என்ன இருந்ததோ, ஊர்க் காற்று என்ன கொடுத்ததோ, அதை வைத்து ஏழை உழைப்பாளிக்காக உருவான பானம்.

அந்த ஊரில் 1871-ல் காட்லீப் பிரெக்கிள் என்ற ஜெர்மானியர் ஒரு மதுக்கடையை வாங்கிப் பீர் காய்ச்சத் தொடங்கினார். 1896-ல் எர்ன்ஸ்ட் பாருத், அவருடைய மருமகன் ஆட்டோ ஷிங்கல் இருவரும் அதை வாங்கி ஆங்கர் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆலை பட்ட அடிகளை நினைத்தால் மனசு கனத்துப் போகிறது. 1906 தொடக்கத்தில் பாருத் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 18-ல் நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து பெருந்தீ, ஆலை சாம்பல். புது இடத்தில் மறுபடி எழுப்பும்போது, 1907-ல் ஷிங்கல் டிராம் வண்டியில் அடிபட்டு மாண்டார். அப்படியும் ஆலை நடந்தது. 1920-ல் நாடு முழுவதும் மதுவிலக்கு, ஆலைக்குப் பூட்டு. 1933-ல் தடை நீங்கித் திறந்தால், 1934-ல் மறுபடியும் தீ விபத்து. 1959-ல் மூடினார்கள். 1960-ல் லாரன்ஸ் ஸ்டீஸ் என்பவர் வாங்கித் திறந்தார். அவரும் திணறினார்.

இனிமேல்தான் கதையே இருக்கிறது. பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

அமெரிக்காவில் மேடாக் என்றால் சலவை இயந்திரம். நம் ஊரில் கிரைண்டருக்குச் சில பெயர்கள் வீட்டுக்கு வீடு தெரிவதைப் போல அங்கே அந்தப் பெயர். அந்தக் குடும்பத்துப் பையன் பிரிட்ஸ் மேடாக். வசதிக்குக் குறைவில்லை. அப்பா பால்பண்ணை வைத்துப் பாலாடைக்கட்டியும் செய்துவந்தார். பையன் ஸ்டான்போர்டில் படித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறான். வயது 27. ஓல்ட் ஸ்பகெட்டி பாக்டரி என்ற உணவகத்துக்கு அடிக்கடி போவான். அங்கே அவன் வாங்கிக் குடிப்பது ஆங்கர் ஸ்டீம். 1965-ல் ஒரு நாள், உணவகத்தின் உரிமையாளர் பிரெட் கூ அவனிடம் வந்து, நீ குடிக்கிற பீரின் ஆலையை மூடப் போகிறார்கள், ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிடு என்கிறார்.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஐயோ பாவம் என்போம். இருக்கிற பாட்டிலில் இரண்டு கூடுதலாக வாங்கி வைப்போம். டீ ருசியாக இருக்கிறது என்பதற்காக டீக்கடையை விலைக்கு வாங்கியவரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? இந்தப் பையன் வாங்கினான். எட்டாவது தெருவில் இருந்த அந்த ஆலைக்குப் போனான். பழைய கட்டடம், பழைய பாத்திரம், கடன். பார்த்த கொஞ்ச நாளிலேயே, சில ஆயிரம் டாலர் கொடுத்து 51 சதவீதப் பங்கை எழுதி வாங்கிவிட்டான். பீர் காய்ச்சத் தெரியுமா? தெரியாது. கணக்கு வழக்கு தெரியுமா? அதுவும் இனிமேல்தான்.

வாங்கிய பிறகுதான் உண்மை தெரிகிறது. கடைகளுக்குப் போகும் பீர் பாதி நேரம் புளித்துப் போகிறது. கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஏன் புளிக்கிறது? வேண்டாத கிருமி. குழாயில், தொட்டி இடுக்கில், பீப்பாயின் உட்பக்கத்தில் எல்லாம் இருக்கிறது. செல்வந்தர் வீட்டுப் பிள்ளை ஒரு நுண்ணோக்கியை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஈஸ்டைப் பார்க்கிறான், கிருமியைப் பார்க்கிறான், புத்தகத்தைப் பார்க்கிறான். ஒவ்வொரு பாத்திரமாகத் தேய்த்துக் கழுவி மாற்றினான். கையிலிருந்த பணம் கரைந்தது. ஆனாலும் மலிவான மாற்றுத் தானியம் எதையும் கலக்கமாட்டேன், முழுக்கப் பார்லி மால்ட்தான் என்று நின்றான். 1969-ல் ஆலை முழுவதும் அவன் கைக்கு வந்தது. 1971-ல் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினான். லாபம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்கப் பத்து ஆண்டு ஆனது. பத்து ஆண்டு! பெரியவர் தலையசைக்கிறார். சங்கத்தை நடத்தியவருக்கு அதன் வலி தெரியும்.

அப்புறம் அந்த ஆலையில் என்னென்ன காய்ச்சினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாய்ச்சரக்கு ஆங்கர் ஸ்டீம். அம்பர் நிறம், வறுத்த மால்ட் வாசம், ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான சாராயச் சத்து. 1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லோருமே கைவிட்டுவிட்ட போர்ட்டர் என்ற கறுப்பு நிறப் பீரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1975-ல் லிபர்ட்டி ஏல் என்ற பீர். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் படை வருகிறது என்று பால் ரிவியர் குதிரையில் போய் ஊரை எழுப்பிய நிகழ்ச்சியின் 200-ஆம் ஆண்டுக்காக ஏப்ரல் 18 அன்று காய்ச்சியது. ஆலையை நிலநடுக்கம் விழுங்கியதும் ஏப்ரல் 18 தான். காஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸை, காய்ச்சி முடித்த பீரிலும் போட்டு ஊறவைத்தார்கள். எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதைப் போன்ற அந்த வாசம்தான் பின்னாளில் அமெரிக்கச் சிறு ஆலைகளின் அடையாளமே ஆனது. ஓல்ட் பாக்ஹார்ன் என்பது கெட்டியான, வீரியம் கூடிய வகை. என் மனசுக்குப் பிடித்தது கிறிஸ்துமஸ் ஏல். 1975 முதல் ஆண்டுதோறும் பக்குவம் மாறும், பாட்டில் தாளில் ஒரு மரத்தின் படமும் மாறும். ஒரு பானத்தின் மேல் மரத்தின் படத்தை வரைந்து ஊரே கொண்டாடுகிறது. இங்கே பானத்தையே தரும் மரம் செங்கல் சூளைக்குப் போகிறது.

1979-ல் மாரிபோசா தெருவில் பழைய காப்பிக் கொட்டை வறுக்கும் ஆலைக் கட்டடத்துக்குக் குடியேறினார்கள். ஜெர்மனியில் செய்த செம்புக் கொப்பரைகள், கண்ணாடிச் சன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களுக்கே தெரியும். ஒளித்துச் செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் அதன் பொருள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். வழக்கறிஞர் தம்பி கவனிக்க வேண்டும். 1933-ல் தடையை நீக்கியபோது வீட்டில் திராட்சை மது செய்துகொள்ள அனுமதித்தார்கள், வீட்டில் பீர் காய்ச்ச அனுமதிக்கவில்லை. தன் வீட்டு அடுப்பில் பார்லி காய்ச்சியவர் 45 ஆண்டு சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளி. அங்கேயும் பனைமரத்தடிக் கதைதான்! பெரிய ஆலைகள் மட்டும் பெருத்தன. 1873-ல் அந்த நாட்டில் 4,000-க்கும் மேல் ஆலைகள் இருந்தன. 1970-களின் முடிவில் நூறுகூட இல்லை. அப்போது கலிபோர்னியாவின் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சலாம், விற்கக்கூடாது, ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று அளவும் வைத்தார்கள். வீட்டில் காய்ச்சிப் பழகியவர்கள் அடுத்து ஆலை வைத்தார்கள். கலிபோர்னியாவின் சிகோ நகரத்தில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான சாமான்கள் விற்ற கென் கிராஸ்மன், ஆங்கரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், 1980-ல் சியரா நெவாடா என்ற பீர் ஆலையைத் தொடங்கினார். இன்று அந்த நாட்டில் 9,000-க்கும் மேல் ஆலைகள். ஒரு கையெழுத்து செய்த வேலை அது.

இங்கே என்ன நிலை? 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கடை கிடையாது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. 42.8 சதவீதச் சாராயச் சத்துள்ள பாட்டில் ரசீதோடு விற்கிறது. ஐந்து சதவீதத்தையொட்டி இருக்கும் கள்ளை இறக்கினால் வழக்கு. காரணம் கேட்டால் கலப்படம் என்கிறார்கள். கலப்படம் செய்பவனைப் பிடியுங்கள், நாங்களே காட்டித் தருகிறோம். மேடாக் தன் பீர் கெட்டபோது ஆலையை மூடவில்லை. பரிசோதித்தார், கழுவினார், திருத்தினார். பக்கத்துக் கேரளத்தில் கள் இறக்கும் தொழிலாளிக்கு 1969-லேயே நலநிதிச் சட்டம் வந்துவிட்டது. பனை இங்கே மாநில மரம். மரத்துக்குப் பட்டம், ஏறுகிறவனுக்கு விலங்கு!

பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறோம். உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதனீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்டே வந்து வேலையை முடித்துக் கள்ளாக்கிவிடும். அடுப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவில் கடற்காற்றை நம்பித் தொட்டியைத் திறந்து வைத்த அந்த உழைப்பாளிகளுக்கு இது சொல்லாமலே புரியும். ஆனால் சுண்ணாம்பு வெள்ளையாகப் பூசியிருந்த கலயத்தையே தரையில் போட்டு உடைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பதனீர் ஐயா, குடித்துப் பாருங்கள் என்று அந்தப் பனையேறி கெஞ்சினார். யாரும் காது கொடுக்கவில்லை. பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

குடியால் கெட்ட குடும்பத்துத் தாய்மார்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறீர்கள். உங்கள் கண்ணீருக்கு எதிராக நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அந்தக் கண்ணீர் எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்பதை மட்டும் நீங்களே சொல்லுங்கள்.

ஆங்கர் கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். 2010-ல் மேடாக் ஆலையை விற்றார். 2017-ல் ஜப்பானின் சப்போரோ பீர் நிறுவனம் வாங்கியது. 2019-ல் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2023 ஜூலையில் ஆலையை மூடுவதாக அறிவித்தபோது, கூட்டுறவாகச் சேர்ந்து நாங்களே நடத்துகிறோம் என்று கேட்டவர்களும் அந்தத் தொழிலாளர்கள்தான். கடைசியாக ஒரு குவளை குடிக்க ஊர் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2024-ல் சோபானி தயிர் நிறுவனத்தை உருவாக்கிய ஹம்தி உலுகாயா அதை வாங்கினார். நமக்கு வேண்டிய பாடம் அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கையில் இருக்கிறது. கள் விற்பனை திறக்கும் நாளில் அது ஏலக்காரர் கைக்குப் போகக்கூடாது. பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கமே இறக்கி, சோதித்து, அன்றன்றைக்கு விற்க வேண்டும். மரம் ஏறாதவன் உரிமம் எடுக்கக்கூடாது.

தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மூன்று கோரிக்கைகள் கொண்ட மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது: கள் இறக்கவும் விற்கவும் அனுமதி, சங்கங்களுக்கு மட்டும் உரிமம், பதனீர் இறக்கியதற்காகப் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவது. வாசிக்க முடியாதவர்களுக்கு மாணவர்கள் வாசித்துக் காட்டுவார்கள். வழக்கு உள்ளவர்கள் எண்ணைத் தம்பியிடம் எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் சுக்குக் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போக வேண்டும். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.