காளான் கணக்கெடுப்பில் உலர்ந்த மாதிரியின் இடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பசிபிக் கரையோரம், பாயின்ட் ரேய்ஸ் தேசியக் கடற்கரை என்னும் பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பு உள்ளது. பிஷப் பைன், டக்ளஸ் ஃபிர், ஓக் மரக் காடுகள் நிறைந்த அந்த இடத்தில், குளிர்கால மழை மண்ணை நனைத்தபின் தன்னார்வலர்கள் கூடிக் காளான் கணக்கெடுப்பு நடத்தி வந்திருக்கிறார்கள். முறையான அனுமதியோடு குழுக்களாகக் காட்டுக்குள் சென்று, கண்ணில் பட்ட ஒவ்வொரு வகையிலும் மாதிரி எடுத்து வருவார்கள். அவற்றைப் பயிற்சி பெற்றவர்கள் அடையாளம் காண, உலர்த்திய மாதிரிகள் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹெர்பேரியத்தை, அதாவது உலர்ந்த மாதிரிகளின் காப்பகத்தை, சென்றடையும். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். கணக்கெடுப்பு என்றதும் நம் மனம் அரிய காளானைத் தேடுகிறது. ஆனால் அதன் உண்மையான பயன், இன்று யாரும் கேட்காத கேள்விக்கு நாளை விடை தரக்கூடிய சான்றைச் சேர்த்து வைப்பதில்தான் இருக்கிறது.

மாதிரி எடுப்பதிலேயே கவனம் வேண்டும். டெத் கேப் எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்ட்ஸ் காளானின் தண்டைக் கத்தியால் அறுத்தெடுத்தால், அதை அடையாளம் காட்டும் முக்கிய உறுப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். தண்டின் அடியில் கிண்ணம்போல் கவிந்திருக்கும் வெண்ணிறச் சவ்வுதான் அந்த உறுப்பு. ஆகவே மண்ணைச் சுற்றிலும் தோண்டி, அடிவரை முழுதாக எடுக்க வேண்டும். அருகில் நிற்கும் மரம் எது, குடையின் அடியிலுள்ள மெல்லிய மடிப்புகளான செவுள்களின் நிறம் என்ன, மணம் எப்படி என்பதையெல்லாம் அங்கேயே எழுதிவிட வேண்டும். உலர்ந்தபின் நிறமும் மணமும் மாறிவிடும். குடையைத் தாளின்மேல் கவிழ்த்து ஓர் இரவு மூடிவைத்தால், உதிர்ந்த வித்துகள் செவுள்களின் வரியமைப்பிலேயே படிந்திருக்கும். டெத் கேப்பின் படிவு வெள்ளை நிறமாதலால், பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தாளில் எடுப்பது நல்லது.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், இதே டெத் கேப்பின் வரலாற்றையே பாருங்கள். அரைக் குடை அளவு உண்டாலே ஆளைக் கொல்லக்கூடிய இந்தக் காளானின் நஞ்சு சமைத்தாலும் அழிவதில்லை. இது கலிஃபோர்னியாவுக்கே உரியதா, வெளியிலிருந்து வந்ததா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. பழைய பட்டியல்களில் பெயர் இருந்தது. ஆனால் வெறும் பெயரைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆன் பிரிங்கிளும் உடன் ஆய்வாளர்களும் ஹெர்பேரிய மாதிரிகளை மரபணு வழியாக மீண்டும் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அம்மாநிலத்தில் உறுதியாக அடையாளம் காணப்பட்ட மிகப் பழைய மாதிரி 1938-இல் மான்டரேயின் டெல் மான்ட்டே ஹோட்டல் வளாகத்தில் எடுக்கப்பட்டது எனத் தெரிந்தது. ஐரோப்பிய மரங்களின் வேர்மண்ணோடு வந்திருக்கக்கூடிய இக்காளான், பின்னர் உள்ளூர்க் கடற்கரை ஓக்கின் வேர்களோடும் உறவு கொண்டு, இன்று பாயின்ட் ரேய்ஸ் காடுகளிலும் தாராளமாக முளைக்கிறது. அந்த மாதிரியை எடுத்து உலர்த்தி வைத்தவர் மரபணு ஆய்வை நினைத்துச் செய்திருக்க முடியாது. அப்போது அப்படியொரு ஆய்வே கிடையாது.

மாதிரி மட்டுமல்ல, தேதியிட்ட குறிப்பும் இப்படிப் பயன்படும். இங்கிலாந்தின் சாலிஸ்பரி வட்டாரத்தில் எட்வர்ட் கேஞ்ச் என்பவர், தொழில்முறை அறிவியலாளர் அல்லர், 1950 முதல் காளான்கள் தோன்றும் நாட்களைக் குறித்து வந்தார். 315 இனங்களைப் பற்றிய ஏறத்தாழ 52,000 பதிவுகள் அவ்வாறு சேர்ந்தன. பேராசிரியரான அவர் மகன் ஆலன் கேஞ்சோடு சேர்ந்து 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 1950-களில் சராசரியாக 33 நாட்கள் நீடித்த இலையுதிர்காலக் காளான் பருவம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 75 நாட்களாக விரிந்திருந்தது புலனாயிற்று. பருவநிலை மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றைத் திட்டமிட்டுத் தேடியிருந்தாலும் பெறுவது அரிது என்பது என் கருத்து.

எனவே கணக்கெடுப்புக்குச் செல்லும் நண்பர்களிடம் நான் வேண்டுவது இதுதான். கைப்பேசிப் படம் எடுங்கள், அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கும் கிடைக்கிறதே என்று எந்தக் காளானையும் ஒதுக்காதீர்கள். தேடியும் ஒன்றும் கிடைக்காத நாளையும் தேதியிட்டு எழுதுங்கள். பருவம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று பின்னால் கணக்கிடுபவருக்கு அந்த வெற்று வரிகளும் தேவைப்படும்.