ஒரு பெயரும் விடாமல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் தில்லித் தமிழர்கள் முதலில் கூட்டிப்போகும் இடம் இந்தியா கேட். படம் எடுத்துக்கொள்கிறோம், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறோம், திரும்பிவிடுகிறோம். அந்தக் கல்லில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கானியப் போரிலும் இறந்த வீரர்களின் பெயர்கள். நின்று படிப்பவர்கள் குறைவு. இன்றைய பேச்சுக்கு அந்தச் சுவரை ஓர் அளவுகோலாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே நீளமுள்ள வேறொரு பட்டியலைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அதில் 13,535 பெயர்கள். 1998 ஜனவரியிலிருந்து 2000 டிசம்பர் வரை, பழைய யூகோஸ்லாவியாவில் செர்பியாவின் பகுதியாக இருந்த கொசோவோவில் போரினால் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும். அல்பேனியர் 10,812 பேர், செர்பியர் 2,197 பேர், ரோமா, போஸ்னியாக் முதலிய பிற இனத்தவர் 526 பேர். இதை எந்த அரசும் தயாரிக்கவில்லை. செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் நடாஷா கண்டிச் 1992இல் தொடங்கிய மனிதநேயச் சட்ட மையமும், கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவில் அதே பெயரில் தனியாக இயங்கும் மையமும் சேர்ந்து தயாரித்தன. சண்டை போட்ட இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கொன்றவன் யார் என்று பாராமல் செத்தவர்களை எண்ணினார்கள்.

போர் ஓய்ந்த அண்டை நாடுகளுக்கு இடையில் குடிமக்கள் அமைப்புகள் எத்தனையோ செய்கின்றன. இளைஞர் முகாம், கூட்டு இசை நிகழ்ச்சி, கருத்தரங்கு. நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் எது தாங்கி நிற்கிறது என்று கேட்டால், பெயர்ப் பட்டியல் என்பேன்.

காரணம் இருக்கிறது. யூகோஸ்லாவியாவின் இன்னொரு பகுதியாக இருந்த குரொவேஷியாவில், யாசெனோவாச் என்ற ஊரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அன்றைய குரொவேஷிய ஆட்சியாளர்கள் நடத்திய ஒரு கொலைமுகாம் இருந்தது. செர்பியர்கள், யூதர்கள், ரோமா மக்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். எத்தனை பேர்? யூகோஸ்லாவியாவில் பல பத்தாண்டுகள் ஏழு லட்சம் வரை சொன்னார்கள். அதெல்லாம் இல்லை, முப்பது நாற்பதாயிரம்தான் என்று குரொவேஷிய தேசியவாதிகள் சொன்னார்கள். பெயர் தெரியாத எண் ரப்பர் மாதிரி. இழுக்கிறவன் இழுப்புக்கு நீளும். 1980களின் கடைசியில் இந்த எண்சண்டை மேடை ஏறியது, செய்தித்தாள் ஏறியது. 1991இல் யூகோஸ்லாவியா உடைந்து உண்மையான சண்டை தொடங்கியபோது அந்தப் பழைய கணக்கும் சேர்ந்து எரிந்தது. பிற்காலத்தில் அந்த முகாமின் நினைவிடத்தார் ஆள் ஆளாகப் பெயர் தேடிச் சேர்த்த பட்டியலில் 83,145 பேர் இருக்கிறார்கள்.

போஸ்னியாவிலும் இதே கதை திரும்ப இருந்தது. 1992 முதல் 1995 வரை நடந்த போரில் இறந்தவர்கள் இரண்டு லட்சம் என்றார்கள், மூன்று லட்சம் என்றார்கள். போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் மிர்சாத் தொகாச்சா தலைமையில் இயங்கிய ஆய்வு மையம் பெயர் பெயராகத் திரட்டி 2013இல் வெளியிட்டது: 95,940 பேர். ஆயுதம் ஏந்தியவர்கள் 57,701, குடிமக்கள் 38,239. எண்ணிக்கை இறங்கியதும் அவருக்குப் பாராட்டா கிடைத்தது? எங்கள் இழப்பைச் சிறிதாக்குகிறாயா என்று சொந்த ஊரிலேயே திட்டு. பட்டியல் போடுகிறவர்களுக்கு வரும் முதல் அடி எதிர்த்தரப்பிலிருந்து வருவதில்லை.

சரி, பட்டியல் எப்படிப் போடுவது? ஓர் ஆளுக்கு ஒரு கோப்பு. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், இறந்த அல்லது கடைசியாகப் பார்த்த இடமும் தேதியும், என்ன நடந்தது, அவர் குடிமகனா ஆயுதம் ஏந்தியவரா. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும்: குடும்பத்தாரின் வாக்குமூலம், சாட்சி, நீதிமன்ற ஆவணம், பத்திரிகையில் வந்த இரங்கல் அறிவிப்பு, கல்லறைக் கல்லின் படம். ஒரே ஒரு பத்திரிகைத் துணுக்கை நம்பிப் பெயர் ஏற்றினால், செத்ததாக எழுதப்பட்டவர் ஜெர்மனியிலிருந்து தொலைபேசியில் பேசுவார்.

மிகப் பெரிய தொல்லை எழுத்துக்கூட்டல். ஹோஜா என்ற குடும்பப் பெயரை அல்பேனிய மொழியில் ஒரு விதமாக எழுதுவார்கள். செர்பியப் பதிவேட்டில் வேறு எழுத்துகள், சில சமயம் ரஷ்ய எழுத்தைப் போன்ற சிரில்லிக் வடிவம். ஓர் ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். தில்லியில் வாழும் தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஊரில் எஸ். முருகன் என்று இருந்தவர், இங்கே படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்றதும் ஓர் அட்டையில் முருகன் சுப்பிரமணியன், இன்னோர் அட்டையில் சுப்பிரமணியன் முருகன். வங்கிக்காரர் நம்மைத் திருப்பி அனுப்புவார், நாம் மறுநாள் போவோம். செத்தவர் போக முடியாது. அதனால்தான் தந்தை பெயரும் பிறந்த தேதியும் பிறந்த ஊரும் சேர்ந்து பொருந்தினால் மட்டுமே இரண்டு பதிவும் ஒருவருடையவை என்று முடிவு செய்வார்கள். ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் இருந்தால், தேதிதான் பிரித்துக் காட்டும்.

போட்ட பட்டியல் முழுமையா என்று எப்படிச் சோதிப்பது? கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு நோட்டு, பெண் வீட்டார் ஒரு நோட்டு, ஒருவருக்கொருவர் பார்க்காமல் வந்தவர் பெயரையெல்லாம் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். ஒன்றில் உள்ள நூறு பேரில் 95 பேர் மற்றதிலும் இருந்தால், இரண்டிலும் விடுபட்டவர்கள் சொற்பம். பத்துப் பேர்தான் பொதுவாக இருந்தால், எழுதாமல் சாப்பிட்டுப் போனவர்கள் ஏராளம். கொசோவோப் பட்டியலை வேறு 10 பட்டியல்களோடு இப்படித்தான் ஒப்பிட்டார்கள். பேட்ரிக் பால் என்ற புள்ளியியலாளரின் குழு செய்தது. அநேகமாக யாரும் விடுபடவில்லை என்று தெரிந்தது.

அதற்கப்புறம் வருவது வகைப்படுத்தும் சண்டை. இரவில் துப்பாக்கியோடு ஊர்க்காவல் இருந்து, பகலில் வயலில் சுடப்பட்டவர் வீரரா குடிமகனா? ஓய்வூதியம் கேட்கும் குடும்பம் வீரர் என்று சொல்லும்; வழக்கு போடும் குடும்பம் குடிமகன் என்று சொல்லும். இழந்தவரை எந்தச் சொல்லால் குறிப்பது என்ற இந்த நுணுக்கத்துக்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரு சொல் பிறந்திருக்கிறது. இலங்கையின் வடகிழக்குத் தாய்மார்கள் ‘காணாமல் போனோர்’ என்பதை ஏற்பதில்லை, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் அவர்கள் போராட உட்கார்ந்தபோது கேட்டவற்றில் ஒன்று, படையினரிடம் சரணடைந்தவர்களின் பட்டியல். அது தனிப் பேச்சு. இங்கே தொட்டுவிட்டு மட்டும் போகிறேன்.

பெயர் கிடைத்தாலும் உடல் கிடைக்க வேண்டுமே. யூகோஸ்லாவியப் போர்களில் காணாமல் போனவர்கள் சுமார் 40,000 பேர். நான்கில் மூன்று பங்குக்கு அருகில் கண்டறியப்பட்டுவிட்டார்கள். வேறெந்தப் போருக்குப் பிறகும் இவ்வளவு நடந்ததில்லை. 1996இல் அமைந்த காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம் 2001இலிருந்து மரபணு முறையைக் கையாண்டது. உறவினர் விரலில் குத்தி எடுத்த ரத்தத் துளிகளை அட்டையில் காயவைத்து, எலும்பிலிருந்து எடுத்த மரபணுவோடு ஒப்பிடுவார்கள். தொடை எலும்பும் பல்லும் நன்றாக உதவும். 99.95 விழுக்காடு உறுதி வந்தால்தான் அறிக்கை.

கேட்க எளிது. அண்ணன் தம்பி இருவரும் மணமாகாமல் போயிருந்து, ரத்தம் கொடுக்கப் பெற்றோர் மட்டும் இருந்தால், எது அண்ணன் எலும்பு எது தம்பி எலும்பு என்று மரபணுவால் சொல்ல முடியாது. வயது, உயரம், பழைய எலும்பு முறிவு என்று பார்க்க வேண்டும். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரில் 1995 ஜூலையில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களில் கொன்ற தரப்பினரே புதைகுழிகளை இயந்திரத்தால் தோண்டி வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இரண்டு மூன்று குழிகளில் கிடைத்தன. ஒரு கையெலும்பு வந்ததும் அடக்கம் செய்வதா, மீதி வரும்வரை காத்திருப்பதா என்ற முடிவைத் தாயிடம்தான் கேட்க முடியும். இதை எப்படிக் கேட்பது என்று யார் கற்றுத் தருவார்கள்?

இன்னொரு கோளாறு பழையது. மரபணு வருவதற்கு முன் சட்டையைப் பார்த்து, ஸ்வெட்டரைப் பார்த்து அடையாளம் சொன்னார்கள். போர்க்காலத்தில் ஆளுக்கு ஆள் உடுப்பு மாறும்; நிவாரண உடுப்பு எல்லாம் ஒரே மாதிரி. அப்படித் தவறாக ஓர் உடலைப் புதைத்த குடும்பம், தன் வேலை முடிந்தது என்று ரத்தம் கொடுக்க வராது. அவர்களுடைய உண்மையான பிள்ளை பிணவறையில் யாரோடும் பொருந்தாமல் பெட்டியில் கிடப்பான். ஒரு தவறு இரண்டு குடும்பங்களைக் கெடுக்கும். பழைய குழியைத் திறக்கச் சம்மதம் வாங்குவது காணாமல் போனோர் குடும்பங்களின் சங்கத்துப் பெண்களின் வேலை. அதிகாரி போனால் கதவு திறக்காது.

அண்டை நாட்டின் ஒத்துழைப்பு எங்கே வருகிறது என்று கேட்கலாம். பெல்கிரேடுக்குப் பக்கத்தில் பதாய்னிட்சா என்ற இடத்தில், போலீஸ் பயிற்சித் திடலில், 2001இல் புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. 744 கொசோவோ அல்பேனியர்களின் உடல்கள். லாரிகளில் கொண்டுவந்து புதைத்திருந்தார்கள். தாய் ஒரு நாட்டில், மகனின் எலும்பு இன்னொரு நாட்டில். பிரிஷ்டினாவில் அல்பேனியக் குடும்பங்களின் சங்கங்களும் செர்பியக் குடும்பங்களின் சங்கங்களும் ஒரே மையத்தின் கீழ் சேர்ந்ததற்கு அன்பு மட்டும் காரணமில்லை. இந்தப் பக்கத்துக் குழி எங்கே என்று அந்தப் பக்கத்து ஆளுக்குத்தான் தெரியும். கொசோவோப் போரில் இன்னும் சுமார் 1,600 பேர் கிடைக்கவில்லை.

பழைய யூகோஸ்லாவியாவின் எல்லா நாடுகளுக்கும் சேர்த்து, போர்களில் நடந்ததைப் பதிவு செய்ய அரசுகள் ஒரே ஆணையம் அமைக்க வேண்டும் என்று குடிமக்கள் அமைப்புகள் கேட்டன. ரெகோம் என்று பெயர். 2008இல் கூட்டணி அமைந்தது, ஊர் ஊராக ஆலோசனைக் கூட்டம் நடந்தது, 2011இல் கையெழுத்து இயக்கம். பத்து லட்சம் இலக்கு. ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். 2018 லண்டன் உச்சி மாநாட்டில் அந்த நாடுகளின் தலைவர்கள் ஒப்பமிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். நடக்கவில்லை. 2019 டிசம்பரில் கூட்டணி முடிவெடுத்தது: அரசுகளுக்காக இனிக் காத்திருக்கப் போவதில்லை, பட்டியலை நாமே முடிப்போம். பத்து ஆண்டு முன்னாலேயே இந்த முடிவுக்கு வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் சாட்சியை வரவழைக்கவும் ராணுவக் கோப்பைத் திறக்கவும் அரசுக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. அந்தக் குறை அப்படியே நிற்கிறது.

இனி தில்லிக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் இங்கேயும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் பட்டியல் கைமாறுகிறது. உன் சிறையில் என் ஆள் யார், என் சிறையில் உன் ஆள் யார் என்று. 2008 மே 21 ஒப்பந்தத்தின்படி நடப்பது. 2025 மே மாதம் இரண்டு நாடுகளும் நான்கு நாள் சண்டையிட்டன. அட்டாரி எல்லை வாசல் மூடிக் கிடந்தது. அப்படியும் ஜூலை 1 அன்று பட்டியல் மாறியது. இந்தியா தந்ததில் 382 கைதிகளும் 81 மீனவர்களும். பாகிஸ்தான் தந்ததில் 53 கைதிகளும் 193 மீனவர்களும். பேச்சுவார்த்தை, பஸ், ரயில், கிரிக்கெட் எல்லாம் நின்றுபோனாலும் நிற்காத ஒன்று இது.

மீனவர்கள் ஏன் இவ்வளவு பேர்? குஜராத்துக்கும் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக்கும் நடுவில் சர் கிரீக் பகுதியில் கடல் எல்லை இன்னும் முடிவாகவில்லை. கடலில் வேலியும் கிடையாது. ராமேஸ்வரத்து ஆட்களுக்கு இது புதிதில்லை.

ஒப்பந்தப்படி, பிடிபட்ட மூன்று மாதத்துக்குள் தூதரக அதிகாரி நேரில் பார்க்க வேண்டும். தண்டனை முடிந்து, குடியுரிமையும் உறுதியானால் ஒரு மாதத்தில் அனுப்ப வேண்டும். நடைமுறையில் சிக்குவது அந்தக் குடியுரிமை உறுதியில்தான். கராச்சிச் சிறையில் சொன்ன பெயர், தூதரகம் வழியாக உள்துறைக்கு, மாநிலத்துக்கு, மாவட்டக் காவல் நிலையத்துக்கு, கடைசியில் கிராமத்துக்கு வந்து, அதே வழியில் திரும்ப வேண்டும். குஜராத்திக்காரர் சொன்னதை உருதுவில் எழுதி, அதை ஆங்கிலத்தில் எழுதினால் ஊர்ப் பெயரே மாறியிருக்கும். அப்படி ஓர் ஊர் இல்லை என்று காவல் நிலையம் எழுதியனுப்பினால் மறுபடி முதலிலிருந்து. இதைச் சரிபார்க்க இரு நாட்டு ஓய்வு பெற்ற நீதிபதிகள் எட்டுப் பேர் கொண்ட குழு 2007இல் அமைந்தது. சிறை சிறையாகப் போய்ப் பார்த்தார்கள். 2013க்குப் பிறகு அது முடங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் குடிமக்கள் அமைப்புக்கு வேலை. இந்தியா பாகிஸ்தான் மக்கள் மன்றம் 1995 பிப்ரவரியில் தன் முதல் கூட்டு மாநாட்டைத் தில்லியில்தான் நடத்தியது. மீனவர் விடுதலைக்கு அன்றிலிருந்து குரல் கொடுத்துவருகிறது. தில்லியில் உட்கார்ந்து இந்த வேலைக்கு உதவ நினைப்பவர்கள் ஒரு குடும்பத்திடம் வாங்க வேண்டியவை இவை. மீனவரின் பெயர் குஜராத்தி, உருது, ஆங்கிலம் என்று மூன்று எழுத்திலும். தந்தை பெயர், தாத்தா பெயர். ஊர், வட்டம், காவல் நிலையம். படகின் பெயரும் பதிவு எண்ணும், புறப்பட்ட துறைமுகமும் தேதியும். அந்தப் பயணத்தில் உடன் போன எல்லோருடைய பெயரும். கடைசி நேரத்தில் ஆள் மாறியிருந்தால் அதுவும். ஒரு புகைப்படம், அடையாள அட்டையின் நகல். எல்லாம் வாங்கிய பிறகு, வீட்டில் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயந்துபோய் இருப்பவன் சிறைப் பதிவேட்டில் சொல்வது பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான்.

நன்றி, வணக்கம்.