விருதுநகரில் அந்த 643 பேர்

வணக்கம் நேயர்களே. காமராசர் என்றாலே மதிய உணவு, பள்ளிக்கூடம், அணைகள் என்றுதான் நாம் பேச ஆரம்பிப்போம், நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் நின்ற தேர்தல்களை மட்டும் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தபோது அந்த மனிதர் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டார்.

1937-ல் சாத்தூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போட்டியே இல்லாமல் தேர்வானார். சரி, அது இருக்கட்டும். 1941-ல் அவர் வேலூர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சொந்த ஊர், சொந்த ஜனங்கள், அந்த ஊரில் அதைவிடப் பெரிய நாற்காலி கிடையாது. வெளியே வந்தவர் நகராட்சிக் கூட்டத்துக்குப் போய் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். முழுதாகக் கவனிக்க முடியாத பதவியில் உட்காரக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அப்புறம் 1946-ல் மறுபடி சட்டமன்றம், 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி. 1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை, ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். அவருக்கு முன்னால் ராஜாஜி மேலவையில், அதாவது மக்கள் நேரடியாக ஓட்டுப் போடாத இன்னொரு அவையில், நியமன உறுப்பினராக வந்துதான் முதல்வராக இருந்தார், சட்டப்படி அதில் தவறில்லை, காமராசருக்கும் மேலவை என்ற வழி இருந்தது. அவரோ சொந்த மாவட்டத்தை விட்டு எங்கோ இருக்கிற குடியாத்தத்துக்குப் போய், இடைத்தேர்தலில் நின்று, ஜெயித்து வந்தார். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். 1957-லும் 1962-லும் சாத்தூர் அவரைக் கைவிடவில்லை.

இப்போது 1967-க்கு வருகிறேன். அரிசித் தட்டுப்பாடு, விலைவாசி, இரண்டு வருடத்துக்கு முந்தைய இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற திமுக வாக்குறுதி, எல்லாம் சேர்ந்து காங்கிரசின் மேல் இறங்கிய நேரம். அகில இந்தியக் காங்கிரசின் தலைவர், இரண்டு பிரதமர்கள் வரக் காரணமாக இருந்தவர், சொந்த ஊர் விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். சீனிவாசனுக்கு 33,421 ஓட்டு, காமராசருக்கு 32,136, வித்தியாசம் 1,285. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், 643 பேர் மாற்றிப் போட்டிருந்தால் காமராசர் ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பார். பேருந்துக்கு ஐம்பது பேர் என்றால் பதின்மூன்று பேருந்துக் கூட்டம், அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு மனசு ஆறவே இல்லை. ஆனாலும் அந்த 643 பேர் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அரிசிக்காக வரிசையில் நின்ற வீடுகள் அவை.

தோற்றவர் வீட்டோடு இருந்துவிடவில்லை. எம்.பி.யாக இருந்த நேசமணி மறைந்து நாகர்கோவில் மக்களவைத் தொகுதி காலியானபோது, 1969 ஜனவரியில் அங்கே போய் நின்றார். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது அவர் முதல்வராக இருந்தபோதுதான், அந்த ஜனங்கள் அதை மறக்கவில்லை என்றே நினைக்கிறேன், ஒரு லட்சத்து 28 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் அனுப்பி வைத்தார்கள். 1971-ல், காங்கிரஸ் இரண்டாக உடைந்த பிறகு, அவர் இருந்த பிரிவான ஸ்தாபன காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது ஒரே ஒரு மக்களவைத் தொகுதி, அதுவும் நாகர்கோவில்தான். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி உயிர் பிரிந்தபோதும் அவர் நாகர்கோவில் எம்.பி.யாகவே இருந்தார்.