நான்கு விரல் இடைவெளி: தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்குச் சக்கரமும் சஸ்பென்ஷனும்

[காட்சி: வெள்ளை நிற டொயோட்டா 86. கேமரா தரையோடு தரையாக இருக்கிறது. முன் டயருக்கும் அதன் மேலுள்ள உடல் வளைவான ஃபெண்டருக்கும் நடுவே ஒரு கை நுழைகிறது. நான்கு விரல்கள் தாராளமாக அடங்குகின்றன.]

இந்த நான்கு விரல் இடைவெளியைப் பார்த்ததும் பலருக்கும் கை துறுதுறுக்கும். காரைக் கொஞ்சம் இறக்கி, அகலமான அலாய் சக்கரம் மாட்டி, டயர் ஃபெண்டரோடு ஒட்டி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அந்த ஆசை உண்டு. அது அழகான ஆசைதான்.

ஆனால் இந்த இடைவெளி வீணாகக் கிடக்கும் இடமல்ல. பாதையில் ஒரு மேடு வந்தால் சக்கரம் மேலே எழும்ப வேண்டிய இடம் இது. காரை இறக்கினால் இந்த இடம் குறையும். பெரிய டயர் போட்டால் இதே இடம் குறையும். சக்கரத்தை வெளியே தள்ளினாலும் இதே இடம்தான் குறையும். ஒரே பணப்பையிலிருந்து மூன்று பேர் செலவு செய்கிறார்கள். அதனால் சக்கரத்தைத் தனியாகவும் சஸ்பென்ஷனைத் தனியாகவும் வாங்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே கணக்கு. அந்தக் கணக்கை ஒரு குறிப்பிட்ட காரை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

[காட்சி: காரின் குறுக்குவெட்டு வரைபடம். படுத்த நிலையில் உள்ள எஞ்சின் ஒளிர்கிறது.]

டொயோட்டா 86 2012-இல் விற்பனைக்கு வந்தது. சுபாருவோடு சேர்ந்து உருவாக்கப்பட்டு, ஜப்பானின் குன்மா மாகாணத்தில் உள்ள சுபாரு ஆலையில் தயாரானது. சுபாருவின் சகோதர மாடல் பிஆர்இசட். இதன் எஞ்சின் நிமிர்ந்து நிற்காமல் படுத்திருக்கும். சிலிண்டர்கள் இடமும் வலமுமாகக் கிடப்பதால் எடை தரையை நெருங்குகிறது. காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 460 மி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. தாழ்வு என்ற நன்மையின் பெரும்பகுதியை வடிவமைப்பாளர்கள் எஞ்சினைப் படுக்க வைத்தே சம்பாதித்துவிட்டார்கள். நாம் ஸ்பிரிங்கை மாற்றிச் சேர்ப்பது அதற்கு மேல் ஒரு சிறு துளி.

அந்தத் துளிக்கு என்ன விலை கொடுக்கிறோம்?

[காட்சி: முன் சஸ்பென்ஷன். கீழ்க்கை பச்சை நிறத்தில், ஸ்ட்ரட் நீல நிறத்தில்.]

இந்தக் காருக்கு முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழும் கைகள் கொண்ட அமைப்பு. முன்பக்கத்தைக் கவனியுங்கள். சக்கரத்தைத் தாங்குவன இரண்டே: கீழே ஒரு கை, மேலே நீண்டு செல்லும் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண். திருப்பத்தில் காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அதற்கு ரோல் சென்டர் என்று பெயர். ஈர்ப்பு மையத்துக்கும் இந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளம்.

இப்போது காரை இறக்குகிறோம். சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்க, உடல் கீழே வருகிறது. கீழ்க்கையின் வெளிமுனை உள்முனையைவிட உயர்ந்துவிடுகிறது. அதோடு ரோல் சென்டரும் இறங்குகிறது. சிக்கல் என்னவென்றால், உடல் இறங்கிய அளவைவிட அது அதிகமாக இறங்குகிறது. நெம்புகோல் நீண்டுவிடுகிறது. ஈர்ப்பு மையம் தாழ்ந்தும், கார் முன்பைவிட அதிகமாகச் சாய விரும்புகிறது! அந்தச் சாய்வை அடக்க ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்க வேண்டியிருக்கிறது. பல தாழ்ந்த கார்கள் கட்டாந்தரையில் உருளும் மாட்டு வண்டிபோல் தடதடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விறைப்பில் ஒரு பங்கு, இழந்ததை மீட்கவே போய்விடுகிறது.

இதற்கு மருந்து உண்டு. கீழ்க்கையைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டான பால் ஜாயின்ட்டை நீளமான தண்டு கொண்டதாகப் போட்டால் கீழ்க்கை மீண்டும் கிடைமட்டத்துக்கு வரும். கூடவே ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டான டை ராட்டின் முனையையும் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகச் சற்றுத் திரும்பும். பந்தயத் தடத்துக்காக அதிகம் இறக்குபவர்களுக்கு இவையெல்லாம் தேவை. சாலையில் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது வேறு: 20 முதல் 30 மி.மீ. வரை இறக்குங்கள், அங்கேயே நிறுத்துங்கள். அந்த எல்லைக்குள் வடிவியல் பெரிதாகக் கெடாது.

ஜப்பானில் இதற்குச் சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஷாகேன் எனப்படும் கட்டாய வாகனப் பரிசோதனையில் காரின் அடிப்பகுதி தரையிலிருந்து 90 மி.மீ. உயரத்திலாவது இருக்க வேண்டும். இந்தக் கார் ஆலையிலிருந்து வரும்போது அந்த உயரம் 130 மி.மீ. அளவில் இருக்கும். காகிதத்தில் மிச்சம் 40. டயர் தேயும், ஸ்பிரிங் நாளாக நாளாகக் கொஞ்சம் அமரும். 40-ஐயும் செலவு செய்வது புத்திசாலித்தனம் அல்ல.

[காட்சி: இரண்டு வழிகள். இடப்பக்கம் வெறும் ஸ்பிரிங் தொகுப்பு, வலப்பக்கம் காயில்ஓவர்.]

சரி, எதை வைத்து இறக்குவது? ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது மலிவான வழி. ஆனால் ஷாக் அப்சார்பர் பழையதுதான். அதன் தண்டு ஏற்கெனவே 25 மி.மீ. உள்ளே போய்விட்ட நிலையில் கார் நிற்கிறது. தண்டின் மேற்பகுதியில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை இருக்கும்; சஸ்பென்ஷன் கடைசிவரை அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பது அது. பயணத் தூரம் குறைந்தால் சிறு பள்ளத்திலேயே அந்த ரப்பரில் கார் மோதும். ‘ஸ்பிரிங் ரொம்பக் கடினம்’ என்று பலர் குறைப்படும்போது, உண்மையில் அவர்கள் உணர்வது ஸ்பிரிங்கை அல்ல, அந்த ரப்பரை. திருப்பத்தின் நடுவில் இது நடந்தால் ஆபத்து. அந்தச் சக்கரத்தின் விறைப்பு ஒரே நொடியில் பலமடங்காகி, டயர் பிடியை விட்டுவிடும்.

காயில்ஓவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் தொகுப்பு; அதில் உயரத்தை நாமே வைக்கலாம். ஜப்பானியர்கள் இதை ஷகோச்சோ என்பார்கள். இதில் இரண்டு வகை உண்டு. வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாடுதான். முதல் வகையில் ஸ்பிரிங் அமரும் தட்டை மட்டும் கீழே இறக்குவோம். கார் இறங்கும், பயணத் தூரமும் அதே அளவு குறையும். இரண்டாவது வகையில் உடற்குழாய் முழுவதும் கீழ்த் தாங்கிக்குள் திருகி இறங்கும். ஷாக்கின் பயணம் அப்படியே இருக்கும், உயரம் மட்டும் மாறும். என் பணத்தை நான் இரண்டாவது வகைக்கே கொடுப்பேன். அதிலும் ஒரு எச்சரிக்கை: ஷாக்குக்குப் பயணம் மிச்சம் இருக்கிறது என்பதால் டயருக்கு மேலே இடம் இருக்கிறது என்று பொருள் அல்ல. ஷாக் தடுக்காவிட்டால் ஃபெண்டர் தடுக்கும்.

ஸ்பிரிங் விறைப்பு எண்களைப் படிக்கும்போது ஒரு கணக்கு மனதில் இருக்க வேண்டும். முன்பக்க ஸ்ட்ரட்டில் சக்கரம் 10 மி.மீ. எழும்பினால் ஸ்பிரிங்கும் கிட்டத்தட்ட அவ்வளவே அமுங்கும். பின்பக்கத்தில் ஸ்பிரிங் கையின் இடையில் அமர்ந்திருப்பதால் அதைவிடக் குறைவாகவே அமுங்கும். அந்த விகிதத்தை 0.75 என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்குப் போய்ச் சேரும் விறைப்பு, விகிதத்தின் வர்க்கம்: 0.75 × 0.75 என்றால் 0.56. எனவே முன்னும் பின்னும் ‘6 கிலோ’ (ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான விசை) என்று எழுதிய தொகுப்பில், பின் சக்கரத்துக்குக் கிடைப்பது 3.4 கிலோதான். பின்பக்க எண் பெரிதாக இருப்பதைக் கண்டு பயந்து, மென்மையானதைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை.

[காட்சி: சக்கரத்தின் குறுக்குவெட்டு. நடுக்கோடு சிவப்பில், ஹப்பில் அமரும் முகம் மஞ்சளில்.]

இனி சக்கரம். ஆலைச் சக்கரம் 17 அங்குல விட்டம், 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48. சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (சக்கரம் காரில் மாட்டப்படும் மையப் பகுதியில்) அமரும் முகம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதே ஆஃப்செட், மில்லிமீட்டரில். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும்.

கடைக்காரர் 17க்கு 9, ஆஃப்செட் 42 காட்டுகிறார். ஆறு எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். தாளை எடுங்கள். பழைய சக்கரத்தின் பாதி அகலம் 88.9 மி.மீ.; அதில் 48 கழித்தால் ஹப்பிலிருந்து வெளியே 40.9, 48 கூட்டினால் உள்ளே 136.9. புதிய சக்கரத்தின் பாதி அகலம் 114.3, வெளியே 72.3, உள்ளே 156.3. அதாவது வெளி விளிம்பு 31 மி.மீ.க்கு மேல் ஃபெண்டரை நோக்கி நகர்கிறது, உள் விளிம்பு 19 மி.மீ.க்கு மேல் ஸ்ட்ரட்டை நோக்கி நகர்கிறது. ஒரே மாற்றத்தில் இரண்டு பக்கமும் இடம் போய்விட்டது.

17க்கு 8, ஆஃப்செட் 40 என்றால் வெளியே ஏறத்தாழ 21 மி.மீ., உள்ளே 5 மி.மீ.கூட முழுதாக இல்லை. 25 மி.மீ. இறக்கிய காரில் இது நிம்மதியாக அமரும். ஃபெண்டரின் உள் மடிப்பைச் சூடேற்றி உருட்டி மடக்கும் வேலையெல்லாம் தேவைப்படாது.

டயருக்கும் ஒரு வரி. ஆலை அளவு 215/45 ஆர்17 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் அதில் 45 சதவீதம், சக்கரம் 17 அங்குலம்), முழு விட்டம் 625 மி.மீ. 225/45 போட்டால் 634. ஒன்பது மி.மீ. அதிகம், அதில் பாதி உங்கள் நான்கு விரல் இடைவெளியிலிருந்து கழியும். 8 அங்குலச் சக்கரத்துக்கு 225 இயல்பாகப் பொருந்தும். குறுகிய டயரை அகலமான சக்கரத்தில் இழுத்துப் பிடித்து மாட்டும் பாணியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டயரின் பக்கச்சுவரும் ஒரு ஸ்பிரிங்தான். அதை இழுத்துத் தட்டையாக்கினால் சக்கரத்தின் விளிம்பு பள்ளத்துக்கு நேரே முகம் காட்டும்.

18 அங்குலம் வேண்டாமா? பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதே தரத்தில் 18 பெரும்பாலும் கனம் கூடும், பக்கச்சுவரும் மெலியும். சக்கரமும் டயரும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. மேட்டில் எகிறிய அந்த எடையைத் திரும்பத் தரைக்குக் கொண்டுவருவது ஷாக்கின் வேலை. எடை குறைந்தால் அந்த வேலை எளிதாகும். ஜப்பானியச் சக்கர நிறுவனமான ரேஸ் (RAYS) 1996-இல் டிஇ37 என்ற ஃபோர்ஜ்டு (உலோகத்தை அழுத்தி உருவாக்கிய) சக்கரத்தை வெளியிட்டபோது அதன் பெயரையே எடையிலிருந்து எடுத்தது: 15 அங்குலம், 6 அங்குல அகலத்தில் 3.7 கிலோ. அந்த வடிவத்தின் நகல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நகல் வாங்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். தாழ்ந்த காரில் சக்கரத்துக்கு வரும் அடி சாதாரணக் காரைவிட அதிகம். ஜப்பானியச் சக்கரத்தில் ஜேடபிள்யூஎல் (JWL), விஐஏ (VIA) என்ற தரச் சோதனை முத்திரைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

[காட்சி: ஹப்பின் அண்மைக் காட்சி. ஐந்து போல்ட்டுகள்.]

பொருத்தம் பற்றி வேகமாக. ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. நடுத்துளை 56.1 மி.மீ.; வெளிச்சந்தைச் சக்கரங்களில் துளை பெரிதாக இருக்கும், நடுவில் வளையம் போட்டு நிரப்ப வேண்டும். நட் மரை எம்12, இடைவெளி 1.25. இது சுபாருவின் வழக்கம். டொயோட்டா முத்திரை இருக்கிறதே என்று வழக்கமான டொயோட்டா நட், அதாவது 1.5 இடைவெளி கொண்டதை வாங்கி முறுக்கினால் போல்ட் மரை நாசமாகும்.

[காட்சி: அலைன்மென்ட் மேடையில் கார்.]

இறக்கிய பிறகு பின் சக்கரங்களின் தலை உள்ளே சாயும். டபுள் விஷ்போனின் இயல்பு அது. ஆலையில் பின்னால் ஒரு பாகைக்குச் சற்று மேல் இருந்த எதிர்மறை கேம்பர், அதாவது அந்த உள்சாய்வு, இப்போது இரண்டை நெருங்கும். முன்னால் ஸ்ட்ரட் அவ்வளவு சாயாது. பின் டயர் நன்றாகப் பிடிக்க, முன் டயர் வழுக்க, திருப்பத்தில் மூக்கு வெளியே ஓடும். இந்தக் காரின் உயிரே மூக்கு சொன்ன பேச்சைக் கேட்பதில் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் கேம்பர் போல்ட் அல்லது கேம்பர் தட்டு, பின்னால் நீளம் மாற்றக்கூடிய கீழ்க்கை. இந்தச் செலவை முதல் பட்டியலிலேயே சேருங்கள். முன்னால் ஒன்றரை முதல் இரண்டு பாகை வரை வைத்தால், சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து ஃபெண்டரிடமிருந்து கொஞ்சம் இடமும் திரும்பக் கிடைக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: கைகளின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ். கார் அந்தரத்தில் தொங்கும்போது அந்தப் போல்ட்டை இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியபடியே கிடக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரங்கள்மேல் காரின் எடை நிற்கும்போதுதான் அந்தப் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்க வேண்டும். உங்கள் மெக்கானிக்கிடம் இதை நேரே கேளுங்கள்.

[காட்சி: ஸ்பிரிங் இல்லாத ஸ்ட்ரட் காரில் மாட்டப்பட்டிருக்கிறது. ஹப்புக்குக் கீழே ஜாக்கி மெல்ல உயர்கிறது.]

சக்கரத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு சோதனை. காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டுங்கள். அதே அளவுச் சக்கரத்தை யாரிடமாவது கேட்டு வாங்கிப் பொருத்தி, ஹப்புக்குக் கீழே ஜாக்கி வைத்து, பம்ப் ஸ்டாப் முழுவதும் அமுங்கும் வரை உயர்த்துங்கள். ஸ்டியரிங்கை இடக் கடைசிக்கும் வலக் கடைசிக்கும் திருப்புங்கள். எங்கே உரசுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். ஃபெண்டரில் உரசினால் ஆஃப்செட்டைக் கூட்ட வேண்டும், ஸ்ட்ரட்டில் உரசினால் குறைக்க வேண்டும், இரண்டிலும் உரசினால் அகலத்தைக் குறைக்க வேண்டும் அல்லது காரை உயர்த்த வேண்டும்.

[காட்சி: வேலை முடிந்த கார். டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று ஒலிக்கிறது.]

நட்டுகளை நட்சத்திர வரிசையில், 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். ஸ்பிரிங் அமர்ந்த பிறகு, சில வாரங்கள் கழித்து அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

[காட்சி: முதல் காட்சியின் அதே கோணம். கை நுழைகிறது. இப்போது இரண்டு விரல் அடங்குகிறது, மூன்றாவது முட்டி நிற்கிறது. கார் ஒரு வேகத்தடையை ஏறி இறங்குகிறது. உரசும் ஒலி இல்லை.]