பூட்டுப் போடாமலே மூடப்படும் நூலகங்கள்

(தேசிய வாசிப்பு மாதத்தையொட்டி மட்டக்களப்பில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, நூலகர்களே, ஆசிரியப் பெருந்தகைகளே, எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து நண்பர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒக்டோபர் முழுவதும் வாசிப்பின் பெருமையைப் பேசுகிறோம். பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, பதாகை பிடித்த ஊர்வலம் எல்லாம் நடக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் "போய் வாசி" என்று பிள்ளையை அனுப்புகிறோமே, அந்த இடம் திறந்திருக்கிறதா என்று இந்த மேடைகளில் யாரும் கேட்பதில்லை. நான் இன்று அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது எப்போது என்று கேட்டால் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் சொல்வீர்கள். 1981 மே 31 இரவு, ஜூன் 1 விடியும் முன்னர். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வருடாவருடம் அதை நினைவுகூர்கிறோம், கூரத்தான் வேண்டும். எங்கள் பக்கத்துக்கும் அழிவு புதிதல்ல. 1978 நவம்பர் 23 சூறாவளி வந்தது, யுத்தம் வந்தது, 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. ஒவ்வொரு முறையும் விழுந்ததை ஊர் இளைஞர்கள் முன்னின்று மறுபடி எழுப்பினார்கள். கிடுகுக் கூரையின் கீழ் நாலு வாங்கும் இரண்டு பத்திரிகையுமாக வாசிகசாலை நடத்திய ஊர்கள் நம்மிடம் உண்டு. அழிவு கண்ணுக்குத் தெரிந்தபடியால் கைகொடுக்க ஆட்கள் வந்தார்கள். காசை வெட்டி வெட்டிச் சாகடிக்கும் நூலகத்துக்கு நினைவுநாளும் இல்லை, நிவாரணமும் இல்லை.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஊர் நூலகத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். முதலில் பத்திரிகைகள் குறைந்தன. நாலு வந்த இடத்தில் ஒன்று வந்தது. பிறகு நூலகர் ஓய்வுபெற்றுப் போனார், அந்தக் கதிரைக்கு ஆள் வரவில்லை. வருமானப் பகுதியில் வேலை செய்த ஒரு தங்கச்சியைச் சில பின்னேரங்களுக்கு மட்டும் அனுப்பினார்கள். அவவும் தன் வேலைக்கு மேலதிகமாகத்தான் இதைப் பார்த்தா. அதற்குப் பிறகு சனிக்கிழமை நிறுத்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு முழுதாகக் கிடைக்கிற ஒரே நாள் சனிக்கிழமைதான். புதிய புத்தகம் வாங்குவதும் நின்றது. இத்தனைக்கும் பிறகு ஒரு கூட்டத்தில் பேசினார்கள்: "வாசகர் வரவு குறைந்துவிட்டது, இதற்கு ஏன் செலவு?"

இந்தச் சுழலைக் கவனியுங்கள். வெட்டினால் வரவு குறைகிறது. குறைந்த வரவைக் காட்டியே அடுத்த வருடம் இன்னும் வெட்டுகிறார்கள். வாசகன் மேல் பழியைப் போட்டுவிட்டு நூலகத்தை மூடுகிறார்கள்.

அங்கே ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் திகதித் தாளைப் பார்த்தேன். முதல் இரண்டு நிரல்களில் ஊதா மையில் நெருக்கமாக முத்திரைகள். வாரத்துக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கில் புத்தகம் கைமாறியிருக்கிறது. மூன்றாவது நிரலில் இடைவெளி விழத் தொடங்குகிறது. பிறகு மாதங்கள், பிறகு வருடம். அந்த நிரலின் கீழ்ப்பாதி அப்படியே வெள்ளை. நான் வெளியே வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்ற ஒரு பிள்ளை கேட்டாள்: "மறுகா எப்ப சேர் திறப்பாங்க?" வாசிப்புப் பழக்கம் செத்துப்போய்விட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தப் பிள்ளையோடு ஒருதரம் கதைத்துப் பார்க்கட்டும்.

இது எப்படி நடந்தது? நமது பொது நூலகங்களை நடத்துவது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. நிரந்தர ஊழியரின் சம்பளத்தில் பெரும்பகுதி மேலிருந்து வருகிறது. புத்தகம், பத்திரிகை, மின்குமிழ், கதவுப் பூட்டு, கூரை ஓடு இதெல்லாம் பெரும்பாலும் சபையின் சொந்த வருமானத்தில் வாங்க வேண்டியவை. ஆதனவரியும் கடை வாடகையும் சந்தைக் குத்தகையும் உள்ள நகரம் ஏதோ சமாளிக்கும். வயலும் மேய்ச்சல் தரையுமாக இருக்கிற பிரதேச சபை எங்கே போகும்? ஆகவே வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளை இருக்கிற ஊரில்தான் நூலகமும் முதலில் மெலிகிறது.

அதற்கு மேல் 2022 வந்தது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அதற்கு முந்திய மாதமே தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டிருந்தது, மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அரச சேவையில் புதிய ஆட்சேர்ப்பு நின்றது. ஓய்வு வயது 60 என்றாக்கி, அந்த வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோரை 2022 டிசம்பர் 31ஆம் திகதி ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நூலகர் போனார், வெற்றிடம் நின்றது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானபோது அதுவரை விலக்கப்பட்டிருந்த புத்தகங்களும் அதற்குள் இழுக்கப்பட்டன. ஒதுக்கீடு சுருங்கிய நேரத்தில் விலை ஏறியது.

இவ்வளவும் நடந்தபோது கேட்க ஆளிருந்ததா? உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதமே நடக்க இருந்த தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போய் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக உங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு உறுப்பினர் இல்லை. நூலகம் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லப் போனால் ஒரு செயலாளர் இருந்தார், அவருக்கு மேல் ஒரு சுற்றுநிருபம் இருந்தது. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். பொது நூலகச் சட்டத்தை 1850இலேயே இயற்றிய நாடு பிரித்தானியா. நூலகம் நடத்துவது உள்ளூராட்சி சபைகளின் கடமை என்று 1964இல் மறுபடியும் சட்டம் போட்டார்கள். அப்படிப்பட்ட நாட்டில் 2010இல் சிக்கன நடவடிக்கை தொடங்கி, 2019 முடிவதற்குள் ஏறத்தாழ 800 நூலகங்கள் மூடப்பட்டன. முதல் ஆறு வருடத்திலேயே ஏறத்தாழ 8,000 நூலக வேலைகள் போயின. பல இடங்களில் பயிற்சி பெற்ற நூலகரை அனுப்பிவிட்டுத் தொண்டர்களை வைத்து நடத்தினார்கள். கடமை என்று எழுதிய சட்டம் எத்தனை மணிநேரம், எத்தனை ஊழியர், எவ்வளவு புத்தகம் என்று அளவு சொல்லவில்லை. அளவு இல்லாத கடமையைக் கணக்காளர் இலகுவாகச் சுருக்கிவிடுவார்.

அங்கே சனங்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்ரோனி ஸ்ராற்போட் என்று ஒரு சிறு நகரம். 2011 ஜனவரியில் நூலகத்துக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டதும் அங்கத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் அட்டைக்கு அனுமதித்த 15 புத்தகங்களையும் இரவல் எடுத்தார்கள். 16,000 புத்தகங்களும் வெளியே போய்விட்டன. நூலகம் இல்லாவிட்டால் ஊர் எப்படி இருக்கும் என்று வெறும் தட்டுகளைக் காட்டினார்கள். அதே வருடம் குளொஸ்ரஷயர், சமசெற் என்ற இரு மாவட்டச் சபைகளின் வெட்டுகளை நீதிமன்றம் செல்லாது என்றது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு என்ன நேரும் என்பதை அந்தச் சபைகள் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை என்பதே காரணம். வழக்குப் போட்டவர்கள் சாதாரண வாசகர்கள்.

இன்னொரு ஊர் எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. கலிபோர்னியாவில் சலீனாஸ். தோட்டத்துக் கீரையும் மரக்கறியும் விளைகிற, கூலிக்குப் போகிற சனம் நிறைந்த ஊர், நம்ம சம்மாந்துறை, வெல்லாவெளி மாதிரி. ஒன்றரை இலட்சம் பேர் வாழும் அந்த நகரின் மூன்று நூலகங்களையும் மூடுவதென்று 2004 முடிவில் தீர்மானித்தார்கள். ஊர் பணம் திரட்டிக் குறைந்த நேரத்துக்காவது கதவைத் திறந்து வைத்தது. 2005 நவம்பரில், விற்பனை வரியில் டொலருக்கு அரைச் சதம் கூட்டுங்கள், நாங்கள் கட்டுகிறோம் என்று வாக்களித்து நூலகங்களை மீட்டது. மேலதிக வரிக்குத் தாங்களாகவே கை தூக்கிய சனங்கள் அவர்கள்.

"மருந்துக்கே காசில்லாத நாட்டில் நூலகம் கேட்கிறீர்களா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கோபப்பட வேண்டிய கேள்வியல்ல. அவருடைய வீட்டில் நோயாளி இருந்தார். நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு சபையின் வரவு செலவில் புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் போகிற தொகை மிகச் சிறியது. அதை நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டிலும் கூடப் போவதில்லை. கஷ்ட காலத்தில்தான் நூலகத்தின் தேவையும் கூடுகிறது. ரியூசன் காசு கட்ட முடியாத உயர்தரப் பிள்ளைக்குக் கடந்தகால வினாத்தாள் எங்கே கிடைக்கும்? வேலை தேடுகிற இளைஞன் வர்த்தமானியை எங்கே புரட்டுவான்? அமெரிக்காவில் 1930களின் பெருமந்தத்தில், வேலையற்றோருக்கு அரசு வேலை கொடுத்தபோது கென்டக்கி மலைக் கிராமங்களுக்குப் பெண்களைக் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகம் கொண்டு போக வைத்தது. 1935 முதல் 1943 வரை அது நடந்தது, மாதம் 28 டொலர் சம்பளம். குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதைக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்வேன்.

"எல்லாம் போனில் இருக்கிறதே" என்பது அடுத்த கேள்வி. 'நூலகம்' என்ற பெயரில் இணையத்தில் எண்ணிம நூலகம் நடத்தும் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி இலவசமாகத் தருகிறார்கள். அந்த உழைப்புக்கு நாம் தலைவணங்க வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். டேற்றா முடிந்தால் படிப்பும் முடிந்தது. ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவில் இருந்து படிக்கிற பெண் பிள்ளைக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு மணித்தியால அமைதி வேண்டும். "நூலகத்துக்குப் போறன் அம்மா" என்று அவள் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் போய்வரக்கூடிய பொது இடம் நம் ஊர்களில் வேறு என்ன இருக்கிறது? இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சபைக் கூட்டங்களில் இதைச் சொல்கிற பெண் குரல்கள் இன்னும் குறைவு.

திறப்பு விழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டடத்துக்குக் காசு வரும், கல்வெட்டில் பெயர் வரும். அதை வருடாவருடம் நடத்துகிற செலவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உன்னிச்சைக் குளம் நிறைந்து கிடந்தாலும் வாய்க்கால் தூர்ந்தால் வயல் காயும் என்று நம்ம விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. உலகம் முழுதும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்த அண்ட்ரூ கார்னகி இதை அறிந்திருந்தார். நிலம் ஊர் தர வேண்டும், கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊர் ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டே கொடுத்தார்.

1892இல் நம் தமிழுலகில் இருவர் பிறந்தார்கள். காரைதீவில் சுவாமி விபுலானந்தர், தமிழகத்துச் சீர்காழியில் இந்திய நூலகத்துறையின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன். சுவாமியை நாம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டாடுகிறோம். ரங்கநாதனை நூலகர்கள் மட்டுமே அறிவார்கள். அவருடைய முயற்சியின் பலனாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதலாவதாக. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒரு பங்கு அறவிடப்படும். அந்தக் காசு நூலகத்துக்கே உரியது. தமிழகத்திலும் குறைகள் உண்டு, சில இடங்களில் அறவிட்ட வரி நூலகத்துக்கு வந்து சேரத் தாமதமாகிறது. ஆனாலும் கேட்பதற்கு ஒரு சட்ட உரிமை இருக்கிறது. எங்கள் ஆதனவரிச் சீட்டில் அப்படி நூலகத்துக்கென்று ஒரு சதமும் தனியாக இல்லை. அப்படி ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குச் சட்டம் வர வேண்டும், காலம் எடுக்கும்.

காலம் எடுக்காத ஒரு வேலை இந்த மாதமே இருக்கிறது. உங்கள் சபைகள் இப்போது அடுத்த வருடப் பாதீட்டைத் தயாரிக்கின்றன. டிசம்பருக்குள் அது நிறைவேறும். அதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். போய்ப் பார்த்தவர் இந்த மண்டபத்தில் யார் யார்? கை தூக்குங்கள். சரி, நாலைந்து பேர். இந்த முறை போங்கள். நூலகம் என்ற தலைப்பைத் தேடுங்கள். புத்தகக் கொள்வனவுக்குப் போன வருடம் எவ்வளவு ஒதுக்கி, எவ்வளவு உண்மையில் செலவழித்தார்கள் என்று கேளுங்கள். ஒதுக்கிய காசையே செலவழிக்காமல் வேறு பக்கம் திருப்புவதும் உண்டு, அதனால் இரண்டாவது எண்தான் முக்கியம். நூலகத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, வெற்றிடம் எத்தனை, சனிக்கிழமை ஏன் பூட்டு என்று உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். வாக்குக் கேட்டு வந்தபோது அவருக்கு உங்கள் வீட்டு வாசல் தெரிந்திருந்தது.

வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

நான் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் தட்டச்சுச் செய்து பிரதி எடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். சபையின் பெயரையும் உங்கள் பெயர் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒருவராவது எடுத்துச் செல்லுங்கள். மண்டூர்ப் பக்கம் போகிறவர்கள் பாதையைத் தவறவிடாமல் முதலில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் வழிவிடுங்கள். நன்றி, வணக்கம்.